டைமிங் பெல்ட்டா, டைமிங் செயினா? சிஓஇ புதுப்பிக்கும் முன் ஒரு பதில்

கேள்வி இது: “என் காருக்கு ஒன்பது வருடம் ஆகிறது. 138,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை, இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க நினைக்கிறேன். இது டைமிங் பெல்ட் வண்டி. கையேட்டில் 120,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்லியிருக்கிறது, இன்னும் மாற்றவில்லை. இதைக் கொடுத்துவிட்டு செயின் உள்ள ஒரு பழைய காரை வாங்கு, செயினை ஆயுளுக்கும் தொட வேண்டியதில்லை என்கிறார் என் மச்சான். எது சரி?”

காரைக் கொடுக்க வேண்டாம். பெல்ட்டை மாற்றிவிட்டுப் புதுப்பியுங்கள். மாற்றும் வரை அந்த வண்டியை எடுத்துக்கொண்டு மலேசியாப் பக்கம் போகாதீர்கள். காக்கி புக்கிட்டில் ஒரு வொர்க்‌ஷாப்பில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக என்ஜின் வேலை பார்க்கிறேன். பெல்ட் அறுந்து இழுத்து வரப்பட்ட வண்டிகளையும் பிரித்திருக்கிறேன், செயின் கெட்டு வந்தவற்றையும் பிரித்திருக்கிறேன். உங்கள் மச்சான் சொல்வதை ஒரு காலத்தில் நானும் நம்பினேன். இப்போது நம்புவதில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள்.

முதலில் இந்தப் பெல்ட்டும் செயினும் என்ன வேலை செய்கின்றன என்பதைப் பார்ப்போம். என்ஜினின் அடியில் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு இருக்கிறது. பிஸ்டன்கள் ஏறி இறங்குவதால் அது சுழல்கிறது. மேலே கேம் ஷாஃப்ட். அது சுழன்று வால்வுகளைத் திறந்து மூடுகிறது, காற்று உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் அந்த வால்வுகள் வழியாகத்தான். கீழ்த்தண்டு இரண்டு சுற்று சுற்றினால் மேல்தண்டு சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் வண்டி ஒழுங்காக ஓடாது. என்ஜினின் நிமிடச் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் 3,000இல் நிற்கும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. இரண்டு தண்டுகளையும் அந்தக் கணக்கில் கட்டி வைத்திருப்பதுதான் டைமிங் பெல்ட், அல்லது டைமிங் செயின். வெளியே கண்ணுக்குத் தெரிகிற, ஏர்கானையும் டைனமோவையும் சுற்றுகிற ஃபேன் பெல்ட் வேறு. “போன வருடம்தான் பெல்ட் மாற்றினேன்” என்று சொல்பவர்களில் பாதிப்பேர் அந்த ஃபேன் பெல்ட்டைத்தான் சொல்கிறார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால்தான் தெரியவரும்.

அடுத்தது, அது அறுந்தால் என்ன ஆகும் என்பது. பிஸ்டன் உச்சிக்கு வருகிற இடத்துக்குத்தான் வால்வும் இறங்கி வருகிறது. இரண்டும் வெவ்வேறு நேரத்தில் அங்கே வருவதால் மோதுவதில்லை. பெல்ட் அறுந்ததும் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும், ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தில் பிஸ்டன் மேலே வந்துகொண்டேயிருக்கும். வால்வு வளைந்துவிடும். சில சமயம் பிஸ்டனிலும் தழும்பு விழும், வால்வுகள் இருக்கும் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். பழைய கொரோலாவில் வந்த 4ஏ-எஃப்இ என்ஜின் அப்படியில்லை. அதில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது, பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும், புதுப் பெல்ட்டைப் போட்டால் மறுபடி ஓடும். அந்த அனுபவத்தை வைத்து “அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம்” என்று இன்னமும் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இன்றைய என்ஜின்கள் எரிபொருள் மிச்சத்துக்காக அதிக அழுத்தத்தில் ஓடுகின்றன. பெரும்பாலானவற்றில் அந்த இடைவெளி கிடையாது. பெல்ட் வண்டியானாலும் செயின் வண்டியானாலும் டைமிங் தவறினால் சேதம் ஒன்றுதான்.

பெல்ட் பழைய சங்கதி, செயின் புதிய சங்கதி என்று நினைப்பது தவறு. வரலாறு நேர்மாறாகத் தொடங்கியது. முதலில் செயினும் பல்சக்கரங்களும்தான் இருந்தன. ரப்பர் டைமிங் பெல்ட்டோடு பெரிய அளவில் தயாரான முதல் கார் 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் விட்ட 1004. 1966இல் ஃபியாட் தன் 124 ஸ்போர்ட் காரில் பெல்ட்டைப் போட்டது. அதற்கப்புறம் உலகம் முழுக்க அது பரவியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சிங்கப்பூர் ரோட்டில் ஓடிய கொரோலா, சிவிக், லான்சர் எல்லாம் பெல்ட். நிசான் சன்னி மட்டும் செயினில் ஓடியது. 2000ஐ ஒட்டி ஜப்பான்காரர்கள் செயினுக்குத் திரும்பினார்கள். கொரோலா ஆல்டிஸ் வந்தபோது செயினோடு வந்தது, 2006இல் வந்த சிவிக்கும் செயின். சுபாரு தன் இஜே என்ஜின்களில் பெல்ட் வைத்திருந்து, பிறகு வந்த எஃப்பி என்ஜின்களில் செயினுக்கு மாறியது. ஃபோக்ஸ்வேகன் மட்டும் எதிர்த்திசையில் போனது. ஆறாம் தலைமுறை கோல்ஃபின் 1.4 டர்போவில் செயின், அடுத்த தலைமுறையில் அதே 1.4 பெல்ட். அந்தச் செயின் பல நாடுகளில் தொல்லை கொடுத்து, உரிமையாளர்களைச் செலவு செய்ய வைத்த பின் வந்த மாற்றம் அது. அதனால் பிராண்டை வைத்தோ வருடத்தை வைத்தோ இதைத் தீர்மானிக்க முடியாது, என்ஜின் எண்ணைப் பார்க்க வேண்டும். பானட்டைத் திறந்து ஓரத்தில் பார்த்தாலும் ஓரளவு புரியும். லேசான பிளாஸ்டிக் மூடி இருந்தால் பெரும்பாலும் பெல்ட். வரிசையாக போல்ட் போட்டு இறுக்கிய உலோக மூடி இருந்தால் செயின், ஏனென்றால் செயின் எண்ணெயில் நனைந்தபடி ஓடுவதால் மூடியில் கசிவு வரக்கூடாது.

பெல்ட்டைப் பற்றி முதலில். அது வெறும் ரப்பர் துண்டு இல்லை. உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன, இழுவையைத் தாங்குவது அவைதான். மேலே சூட்டைத் தாங்கும் செயற்கை ரப்பர், பற்களின் மேல் நைலான் துணி. முப்பது வருடத்துக்கு முந்தைய பெல்ட்டுகளில் வெடிப்பு விழும், கண்ணால் பார்த்தே “நாளாகிவிட்டது” என்று சொல்லலாம். இப்போதைய ரப்பர் அவ்வளவு சீக்கிரம் வெடிப்பதில்லை. கறுப்பாக, பளபளப்பாக, புதிது போலவே இருக்கும். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு, இன்னும் 20,000 ஓட்டலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் கயிறு எத்தனை லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்திருக்கிறது என்பதை டார்ச் வெளிச்சம் காட்டாது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் கிலோமீட்டரையும் வருடத்தையும் எழுதி, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள் என்கிறார்கள். பழைய வண்டிகளில் 60,000 என்றும் 80,000 என்றும் இருந்தது. இப்போது 100,000, 120,000, இன்னும் கூடவும் உண்டு. வருடக் கணக்கு ஐந்திலிருந்து பத்து வரை போகும். அது ஒவ்வொரு என்ஜினுக்கும் மாறும், உங்கள் கையேட்டில் இருப்பதுதான் உங்களுக்குச் சட்டம்.

பெல்ட் தானாக அறுவதைவிட அதன் பக்கத்தில் இருப்பவை அதை அறுப்பதுதான் நான் அதிகம் பார்த்தது. பெல்ட்டைத் தளராமல் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் இறுகிப்போகும். வாட்டர் பம்ப் கசிந்து கூலன்ட் மேலே படும். கேம் ஷாஃப்ட் சீல் வழியாக எண்ணெய் ஒழுகி ரப்பரை ஊறவைக்கும். எல்லாமே அந்த மூடிக்குப் பின்னால் நடப்பவை.

ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. தைப்பூசத்துக்குப் பினாங்கு போகக் கிளம்பினார்கள், வண்டியில் பாட்டி, இரண்டு பிள்ளைகள். காரை வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. விற்றவர் “பெல்ட் மாத்தியாச்சு” என்று வாயால் சொன்னார், ரசீது கொடுக்கவில்லை. நெடுஞ்சாலையில் யோங் பெங் தாண்டியதும் வண்டி எந்தச் சத்தமும் இல்லாமல் நின்றுவிட்டது. அவர் மறுபடி மறுபடி சாவியைத் திருப்பியிருக்கிறார். இழுத்துக்கொண்டு வந்து பிரித்துப் பார்த்தால் பெல்ட்டில் எட்டுப் பல் இல்லை, வாட்டர் பம்ப் சுற்றவே இல்லை, எட்டு வால்வு வளைந்திருந்தது. அது கார் வந்தபோதே போட்ட முதல் பெல்ட். பாட்டி அந்த வெயிலில் ரோட்டோரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவர் சொன்னபோது எனக்கு மனது கேட்கவில்லை. அன்றிலிருந்து, யார் பழைய கார் வாங்கிக்கொண்டு வந்தாலும் ரசீது இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி.

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று நின்று, ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாமல் “விர்ர்” என்று சுற்றினால், அதற்கு மேல் சாவியைத் தொடாதீர்கள். டைமிங் போயிருக்கலாம். நீங்கள் திருப்பும் ஒவ்வொரு தடவையும் இன்னொரு வால்வு வளைய வாய்ப்பு. டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

இனி செயின். உலோகம், எண்ணெயில் ஓடுகிறது, அறுவது அபூர்வம். இதுவரை உங்கள் மச்சான் சொல்வது சரி. ஆனால் செயின் கெட்டுப்போக அறுந்தாக வேண்டும் என்றில்லை. நீண்டால் போதும். செயின் “நீள்கிறது” என்று சொன்னாலும் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின் தேய்கிறது. ஒரு கணக்கு போடுங்கள். 150 கண்ணி உள்ள செயின், ஒரு கண்ணிக்கு 8 மில்லிமீட்டர், மொத்தம் 1,200 மில்லிமீட்டர். ஒவ்வொரு பின்னும் 0.03 மில்லிமீட்டர் தேய்ந்தால், அது தலைமுடியைவிடக் குறைந்த அளவு, மொத்தம் 4.5 மில்லிமீட்டர் கூடிவிடும். அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் மேல்தண்டு கீழ்த்தண்டுக்குப் பின்தங்க அது போதும். கம்ப்யூட்டர் இரண்டு தண்டுகளின் சென்சாரையும் ஒப்பிட்டுப் பார்த்து செக் என்ஜின் விளக்கைப் போடும். ஸ்கேனரில் பி0016 என்ற எண் வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் சென்சாரை மாற்றி அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. இரண்டு மாதத்தில் விளக்கு திரும்ப வரும்.

செயினைத் தளராமல் பிடித்து வைக்க எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர் இருக்கிறது. செயின் உரசிப்போகும் பாதையில் பிளாஸ்டிக் கைடுகள் இருக்கின்றன. கெட்டுப்போவது பல சமயம் செயின் அல்ல, இவைதான். இரவெல்லாம் நின்ற வண்டியில் டென்ஷனரிலிருந்து எண்ணெய் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி “கடகட” என்று சத்தம் கேட்டு, அழுத்தம் ஏறியதும் நின்றுவிடும். ஈசூனில் இருக்கும் ஒரு தம்பி இந்தச் சத்தத்தை எட்டு மாதம் கேட்டிருக்கிறார். அவர் வண்டி நிறுத்துவது பல மாடி கார் நிறுத்துமிடத்தில். அங்கே எல்லாச் சத்தமும் எதிரொலிக்கும், அதுதான் என்று விட்டுவிட்டார். வேறு வேலைக்காக வந்தபோது எண்ணெய் இறக்கினேன், கூடவே பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துண்டுகள் வந்தன. உடைந்த கைடு. நல்லவேளை, செயின் இன்னும் பல் தாண்டவில்லை. செயின் செட் முழுவதையும் மாற்றினோம், ஹெட்டைத் தொட வேண்டிய நிலை வரவில்லை.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் படுகிறது: பெல்ட் முன்கூட்டியே தேதி சொல்கிறது, ஆனால் போகும்போது சத்தம் காட்டுவதில்லை. செயினுக்குத் தேதி கிடையாது, ஆனால் பெரும்பாலும் சத்தம் காட்டிவிட்டுத்தான் போகிறது. ஆகவே பெல்ட் வண்டி வைத்திருப்பவர் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். செயின் வண்டி வைத்திருப்பவர் தினமும் காலையில் முதல் மூன்று வினாடி ரேடியோவைப் போடாமல் காதைக் கொடுக்க வேண்டும், எண்ணெயைத் தள்ளிப்போடக்கூடாது.

எண்ணெயைப் பற்றி நான் கண்டிப்பாக இருப்பேன். செயினின் பின்களுக்கு நடுவே இருப்பது எண்ணெய்ப் படலம் மட்டும்தான். டென்ஷனருக்கு வேலை கொடுப்பதும் எண்ணெய்தான். எண்ணெய் கெட்டுப்போய்க் கரி சேர்ந்தால் அது உப்புத்தாள் போல ஒவ்வொரு பின்னையும் தேய்க்கும். நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில் கரி இன்னும் அதிகம். பதினைந்தாயிரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றினால் போதும் என்று கையேட்டில் இருக்கலாம். அந்தக் கணக்கு நீண்ட தூரம் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு. நம் ஊரில் எப்படி ஓட்டுகிறோம்? காலையில் புளோக்கிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து தீவு விரைவுச்சாலையில் ஊர்ந்துகொண்டு அலுவலகம். விடுமுறை நாளில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம். கடற்பாலத்தில் ஒரு கிலோமீட்டர் நகர்ந்ததாக மீட்டர் சொல்லும், ஆனால் என்ஜின் மூன்று மணி நேரம் ஓடியிருக்கிறது. கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் இந்த நேரம் கணக்கில் வராது. பல கையேடுகளில் கடுமையான பயன்பாடு என்று தனி அட்டவணை இருக்கும், நம்முடைய ஓட்டம் அதில்தான் சேரும். என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வது 8,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். கையேட்டில் போட்ட அதே ரக எண்ணெய். நடுவில் மாதம் ஒரு முறை குச்சியை இழுத்து அளவைப் பாருங்கள், அளவு குறைந்தாலும் டென்ஷனருக்கு அழுத்தம் போதாது.

இப்போது உங்கள் கேள்வியின் நெஞ்சுக்கு வருகிறேன். செயின் உள்ள ஒரு பழைய காரை வாங்கலாமா என்பது. சிங்கப்பூரில் பழைய கார் என்பது மற்ற ஊர்களைப் போல இல்லை. வாகன உரிமைச் சான்றிதழ் பத்து வருடம். ஏழாம் எட்டாம் வருடம் வந்ததும் பலர் மனதுக்குள் அந்தக் காரைக் கைவிட்டுவிடுகிறார்கள். “இன்னும் ரெண்டு வருஷம்தானே, ஸ்கிராப்புக்குப் போகப்போகுது” என்று எண்ணெயைத் தள்ளிப்போடுவார்கள், பெல்ட்டைத் தொடவே மாட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி. ஆனால் அப்படிக் கைவிட்ட காரை இன்னொருவர் வாங்கி, புதுப்பித்து, ஐந்து வருடம் ஓட்டப் பார்க்கிறார். கடைசி மூன்று வருடத்தின் அலட்சியம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. செயின் காரில் அந்த அலட்சியம் வெளியே தெரியாது, பின்களின் தேய்மானமாக உள்ளே உட்கார்ந்திருக்கும். தனியார் வாடகையில் ஓடிய கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஐந்து வருடத்தில் 250,000 கிலோமீட்டர் தாண்டியவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்காக எண்ணெய் மாற்றியிருந்தால் அவற்றின் செயின்கூட நன்றாகவே இருக்கும். இல்லையென்றால் இல்லை. அரசாங்கப் பரிசோதனையில் தேறிவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அங்கே பிரேக், விளக்கு, டயர், புகை எல்லாம் பார்ப்பார்கள். டைமிங் மூடியைத் திறந்து பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

உங்கள் சொந்தக் காரோ ஒன்பது வருடமாக உங்கள் கையில் இருக்கிறது. எப்போது எண்ணெய் மாற்றினீர்கள், எங்கே இடித்தீர்கள், எல்லாம் தெரியும். அதில் தெரிந்த ஒரே குறை பெல்ட். அந்தக் குறையைப் பாதி நாளில் தீர்த்துவிடலாம். தெரியாத செயினுக்காகத் தெரிந்த பெல்ட்டை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செலவையும் பார்ப்போம். பெல்ட் வேலை சாதாரண நான்கு சிலிண்டர் காரில் நான்கைந்து மணி நேரம், சில நூறு வெள்ளியில் தொடங்கும், ஐரோப்பிய வண்டி என்றால் ஆயிரத்தைத் தொடலாம். செயின் வேலைக்கு முன் மூடி, ஆயில் பாத்திரம் எல்லாம் கழற்ற வேண்டும், ஒன்றிரண்டு நாள் போகும், செலவு ஆயிரக்கணக்கில்தான். சில என்ஜின்களில் செயின் பின்பக்கம் கியர்பாக்ஸ் ஓரம் இருக்கும், பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் அப்படி. அதற்கு என்ஜினையே இறக்க நேரிடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட செயினுக்கு அந்தச் செலவு வராமலே போகலாம், அது செயினின் பெரிய பலம், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சிஓஇ புதுப்பிக்கக் கட்டப்போகும் பணத்தோடு ஒப்பிட்டால் பெல்ட் செலவு ரொம்பச் சின்னது. முந்தைய மூன்று மாத சிஓஇ பிரீமியத்தின், அதாவது ஏல விலையின், சராசரியில் பாதியைக் கட்டப்போகிறீர்கள். அதன்மேல் பத்து வருடம் தாண்டிய காருக்குச் சாலை வரி முதல் வருடம் 10 சதவீதம் கூடும், ஒவ்வொரு வருடமும் ஏறி 50 சதவீதம் வரை போகும். இவ்வளவும் கட்டிவிட்டு பெல்ட்டில் மிச்சம் பிடிப்பது வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, எனக்குக் கவலை தருவது அதுதான். எண்ணெய்க்குள்ளேயே ஓடும் ரப்பர் பெல்ட். உராய்வு குறையும், சத்தமும் குறையும் என்று கொண்டுவந்தார்கள். ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்ட்டில் வந்தது, பெஜோ, சிட்ரோன் கார்களின் 1.2 பியூர்டெக்கில் வந்தது. குறுகிய ஓட்டங்களில் என்ஜின் முழுதாகச் சூடாவதில்லை, எரியாத பெட்ரோல் கொஞ்சம் எண்ணெயில் கலக்கும். அது ரப்பரை ஊறவைத்து உப்ப வைக்கும். பெல்ட் அறுவதற்கு முன்பே அதிலிருந்து உதிரும் துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் என்ஜின் முழுவதற்கும் ஆபத்து. இரண்டு நிறுவனங்களும் பிறகு வந்த என்ஜின்களில் செயினுக்கு மாறிவிட்டன, அதுவே போதிய சாட்சி. இந்த வகை கார் வைத்திருப்பவர்கள் கையேட்டில் இருக்கும் நீண்ட இடைவெளியை நம்பி உட்காராமல், ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பியூர்டெக்கில் எண்ணெய் ஊற்றும் துவாரம் வழியாகவே பெல்ட்டின் அகலத்தை அளக்கும் கருவி உண்டு, ஐந்து நிமிட வேலை. எண்ணெய் அழுத்த எச்சரிக்கை வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். வாங்கவிருந்தால், இந்த வகை மட்டும் ரசீது இல்லாமல் வேண்டவே வேண்டாம் என்பேன்.

வேன் ஓட்டும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஹைஏஸின் 2.5, 3.0 லிட்டர் டீசல்களில் பெல்ட். மீட்டரில் டி-பெல்ட் என்று தனி விளக்கே எரியும், அந்த விளக்கைப் பெல்ட் மாற்றாமலே அணைத்துவிடவும் முடியும். விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்துப் பழைய வேனை வாங்காதீர்கள். பிறகு வந்த 2.8 டீசலில் செயின்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். பெல்ட்டை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். டென்ஷனர், பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் புல்லிகள், பெல்ட் சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கேம், கிராங்க் சீல்களில் ஈரம் தெரிந்தால் அவற்றையும். எப்படியும் அந்த இடத்தைத் திறக்கிறோம், கூலிதான் பெரிய செலவு. பம்பை விட்டுவைத்து அடுத்த வருடம் அது கசிந்தால் மறுபடி முழுக் கூலி. பாகங்கள் எந்த பிராண்ட் என்று கேளுங்கள், டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். புதுப் பெல்ட்டைப் போட்ட பின் ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் பழக்கம். அதைச் செய்வீர்களா என்று கேட்பதில் தப்பில்லை, வேலை தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பல்லின் அடியை விரலால் தடவிப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால் அதற்கு மேல் மறுபடி புதுப்பிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வருடத்துக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் ஓட்டுகிறீர்கள். ஐந்து வருடத்துக்கு 77,000 கிலோமீட்டர் வரும், சிஓஇ தொடங்கும் வரை உள்ள மாதங்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். உங்கள் கையேட்டின் 120,000க்குள் அடங்கிவிடுகிறது. கையேட்டின் வருடக் கணக்கும் இடம் கொடுத்தால், இப்போது போடும் பெல்ட்டே கார் ஸ்கிராப்புக்குப் போகும் நாள் வரை உங்களுக்குப் போதும். மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டைமிங் மூடியின் மேல் ஒட்டச் சொல்லுங்கள். ரசீதைக் கையேட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.